வீட்டுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி: செல் வாங்குவது முதல் கடைசி ஃபியூஸ் வரை

நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், ஒரு பிஎம்எஸ் பலகை (செல்களின் வோல்ட்டைக் கண்காணித்து, எல்லை தாண்டினால் துண்டிக்கும் காவல் பலகை), சில ஃபியூஸ்கள், ஒரு சார்ஜர். முக்கியமான பொருள்கள் இவ்வளவுதான். மின்சாரம் நின்றால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஒரு டிசி மின்விசிறி, இரண்டு விளக்கு ஆகியவற்றை ஓர் இரவு முழுக்கத் தாங்கும் பெட்டியை இவற்றை வைத்துக் கட்டிவிடலாம்.

இதை நான் மூன்று முறை கட்டியிருக்கிறேன். நண்பர்கள் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். தடுமாறியவர்கள் பெரும்பாலும் சரியான வேலையைத்தான் செய்தார்கள், ஆனால் தவறான வரிசையில் செய்தார்கள். வீட்டு ஒயரிங்கில் வேலை செய்யும்போது டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) மெயினை இறக்கிவிட்டுத் தொடங்கலாம். செல்லுக்கு அப்படி இறக்க எதுவும் கிடையாது. பார்சலைப் பிரித்து மேசையில் வைத்த நிமிடத்திலிருந்து அதில் மின்சாரம் இருக்கிறது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இப்படி அமைந்திருக்கிறது.

1. எதைக் கட்டுகிறோம், எதைத் தொடப் போவதில்லை

இது தனித்து நிற்கும் பெட்டி. சார்ஜருக்காகச் சுவர் பிளக்கில் செருகுவோம். அதற்கு மேல் வீட்டு ஒயரிங்கோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

சிங்கப்பூரில் வீட்டு மின்கம்பிகளில் கை வைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடானாலும் தரை வீடானாலும் இதுதான் விதி. கூரையில் சூரியத் தகடு போட்டு, பெரிய பேட்டரியை டிபி பெட்டியோடு இணைக்க நினைக்கும் தரைவீட்டுக்காரர்கள் முதல் நாளே அவரை அழைத்துப் பேசுங்கள். இந்த வழிகாட்டி அந்த வேலைக்கானது அல்ல.

இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒயர் ஒன்றைச் செய்து, இன்வெர்ட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. செருகாத முனையில் 230 வோல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டவர் போய்விடுவார்.

முதல் பெட்டியில் இன்வெர்ட்டரே வேண்டாம் என்பது என் கருத்து. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் 12 வோல்ட் டிசியில்தான் ஓடுகின்றன. பேட்டரியின் டிசியை ஏசியாக்கி, அடாப்டர் வழியாக மறுபடி டிசியாக்கினால் இரண்டு இடத்தில் இழப்பு. லேப்டாப்புக்குக் காரில் பயன்படுத்தும் டைப்-சி சார்ஜர் போதும். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் பெட்டிக்குள் 230 வோல்ட்டும் இல்லை, நூறு ஆம்பியர் இழுக்கும் கேபிளும் இல்லை.

மின்கட்டணம் குறையும் என்று எதிர்பார்த்துக் கட்டாதீர்கள். எஸ்பி குழுமத்தின் வழக்கமான வீட்டுக் கட்டணம் பகலிலும் இரவிலும் ஒன்றே. இரவில் மலிவாகச் சேமித்துப் பகலில் செலவழிக்கும் கணக்கு அதில் எடுபடாது.

2. கணக்கைத் தாளில் எழுதுங்கள்

அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருந்தால் அதிகபட்சம் 18 வாட். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து உண்மையில் இழுப்பது 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். விசிறி 20, விளக்குகள் 10. மொத்தம் 50 வாட்.

100 ஆம்பியர்-மணி செல்கள் நான்கு தொடரில் இருந்தால் 12.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,280 வாட்-மணி. அதில் 80 விழுக்காட்டை மட்டும் செலவழித்தால் ஏறத்தாழ 1,020. ஐம்பதால் வகுத்தால் இருபது மணி நேரம். மாற்றிகளில் போகும் இழப்பைக் கழித்தாலும் ஓர் இரவுக்குத் தாராளம்.

இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போகிறவர்கள் 280 ஆம்பியர்-மணி செல்லோடு திரும்புகிறார்கள். பெரிய செல்லுக்குப் பெரிய சார்ஜர், பெரிய பெட்டி, தூக்கவே இரண்டு பேர். 100 ஆம்பியர்-மணி செல் ஒன்று சுமார் 2 கிலோ. நான்கையும் ஒருவரே தூக்கலாம்.

3. வாங்க வேண்டியவை

எல்லாப் பொருளும் கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பாதியில் நிறுத்திய பேட்டரி என்றால் மூடாத முனைகளோடு மேசையில் கிடக்கும் பேட்டரி என்று பொருள்.

செல்கள்: ஒரே வகை, ஒரே தொகுப்பு, புதியவை. லித்தியம் செல் விமானச் சரக்கில் ஆபத்தான பொருள் பட்டியலில் வருவதால், சிங்கப்பூரில் கையிருப்பு வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குவது எளிது. பழைய மின்ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துச் செல் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் பெரும்பாலும் வேறு ரசாயனம், முழு சார்ஜில் 4.2 வோல்ட் வருவது, சூடேறினால் மிக வேகமாகப் பற்றிக்கொள்வது. அடிபட்ட செல் எது என்று வெளியிலிருந்து தெரியாது.

பிஎம்எஸ்: நான்கு செல்லுக்கானது, இரும்பு பாஸ்பேட்டுக்கானது, 60 ஆம்பியர். புளூடூத் உள்ளதை வாங்கினால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் கைபேசியில் பார்க்கலாம். அந்தச் சில வெள்ளிகளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சார்ஜர்: இரும்பு பாஸ்பேட்டுக்கான 14.6 வோல்ட், 10 ஆம்பியர். சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் பேட்டரி சார்ஜர் வேண்டாம். சிலவற்றில் ஈய பேட்டரியை மீட்கும் உயர் வோல்ட் நிலை ஒன்று உண்டு, அது இந்த செல்களுக்கு ஆகாது.

மற்றவை: வோல்ட்டும் ஆம்பியரும் தனித்தனியாக அமைக்கக்கூடிய 10 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை, மல்டிமீட்டர், 10 சதுர மி.மீ. மற்றும் 2.5 சதுர மி.மீ. பல இழை ஒயர், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), அதை நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கருவி, ஃபியூஸ்கள், டிசிக்கான சுவிட்ச், 12 வோல்ட் நிலைப்படுத்தி, செல்களுக்கு இடையே வைக்க எபாக்சி தகடு, மூடியுள்ள பெட்டி. இவற்றில் பெரும்பாலானவை ஜாலான் புசார் அருகே சிம் லிம் டவரில் கிடைக்கும். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம். கேபிளுக்கு ஏற்ற லக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

4. மேசையும் கைகளும்

மரமேசை. மேலே ரப்பர் விரிப்பு. மோதிரம், செப்புக் காப்பு, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். ஸ்பேனரின் தலையில் மட்டும் உலோகம் தெரியும்படி மற்ற இடமெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

“12 வோல்ட் தானே, தொட்டால் அடிக்காதே” என்பார்கள். உண்மைதான், பொதுவாக ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு முனைக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் முனையோடு ஒட்டிக்கொள்ளும், மோதிரம் நொடியில் பழுக்கும். இங்கே பயப்பட வேண்டியது சூட்டுக்கு.

வேலை நேரத்தில் வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கட்டும்.

5. செல் வந்தவுடன்

ஒவ்வொரு செல்லுக்கும் எண் எழுதி வோல்ட்டைக் குறியுங்கள். 3.2 முதல் 3.3 வரை இருக்கும். ஒன்று மட்டும் 2.5-க்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வயிறு புடைத்தது, மூலை நசுங்கியது, முனையில் பழைய திருகுத் தடம் உள்ளது ஆகியவையும் அப்படியே.

செல்லைச் சுற்றியுள்ள நீலத் தாள் அழகுக்காக ஒட்டியது அல்ல. உள்ளே இருப்பது அலுமினிய உறை, அதற்கும் முனைக்கும் இடையே வோல்ட் இருக்கும். தாள் கிழிந்த இரண்டு செல்கள் உரசினால் கசிவு தொடங்கிவிடும். கிழிந்த இடத்தை இப்போதே மூடிவிடுங்கள்.

6. சமப்படுத்துதல்

அதிகம் பேர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். ஒரு செல் 40 விழுக்காட்டிலும் இன்னொன்று 55-லும் இருக்க, அப்படியே தொடரில் போட்டால், சார்ஜாகும்போது இரண்டாவது முதலில் நிரம்பும். பிஎம்எஸ் உடனே சார்ஜை நிறுத்திவிடும். மற்றவை பாதி வயிற்றோடு நிற்கும். பிஎம்எஸ்ஸே சமப்படுத்தாதா என்று கேட்பார்கள். மலிவான பலகைகள் ஆம்பியரில் மிகச் சிறிய பங்கைத்தான் நகர்த்தும், அந்த இடைவெளியை நிரப்ப வாரக்கணக்கில் ஆகும்.

என் முறை கொஞ்சம் மெதுவானது. ஒரு நாளுக்கு ஒரு செல்.

பவர் சப்ளையை எதிலும் இணைக்காமல் 3.60 வோல்ட்டுக்கு அமையுங்கள். மல்டிமீட்டரால் சரிபாருங்கள். அதன் பிறகே செல்லில் இணைக்க வேண்டும். இணைத்தபின் வோல்ட் குமிழைத் தொடக் கூடாது, டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பாதியளவில் வந்த செல்லுக்கு 10 ஆம்பியரில் ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

தடுமாற்றம் இங்கேதான் வரும். மணிக்கணக்காக மீட்டர் 3.35, 3.38 என்று அசையாமல் நிற்கும். இந்த ரசாயனத்தின் இயல்பு அது, நடுப்பகுதி முழுக்கத் தட்டையாக இருக்கும். பொறுமை இழந்தவர் வேகமாக்குவதாக நினைத்துக் குமிழை 4 வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டுச் சாப்பிடப் போகிறார். கடைசிச் சில நிமிடத்தில் வோல்ட் செங்குத்தாக ஏறும். திரும்பி வரும்போது செல் புடைத்திருக்கும். என் கண்ணெதிரே ஒரு செல் அப்படிப் போயிற்று. பவர் சப்ளைக்கும் செல்லுக்கும் இடையே பிஎம்எஸ் இல்லாத நேரம் இது ஒன்றுதான், அதனால் பக்கத்திலேயே இருங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டுப் போங்கள், மறுநாள் தொடரலாம்.

நான்கும் நிரம்பிய பின், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, எல்லா பாசிட்டிவையும் ஒன்றாகவும் எல்லா நெகட்டிவையும் ஒன்றாகவும் இணையுங்கள். மீண்டும் 3.60-இல் விடுங்கள். ஆம்பியர் இரண்டு, மூன்றுக்கு இறங்கியதும் போதும்.

பிரித்து வைத்த பிறகு வோல்ட் 3.4-க்கும் கீழே மெல்ல இறங்கும். செல் கெட்டுவிட்டதோ என்று பதறி நள்ளிரவில் எனக்கு அழைத்தவர்கள் உண்டு. அது இயல்பு.

7. தொடராக அடுக்குதல்

செல்களைத் திசை மாற்றி மாற்றி வையுங்கள். முதல் செல்லின் பாசிட்டிவுக்குப் பக்கத்தில் இரண்டாம் செல்லின் நெகட்டிவ் வர வேண்டும். இடையில் எபாக்சி தகடு. நான்கையும் சேர்த்துப் பட்டை போட்டு, அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

அலுமினிய முனையில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இருக்கும், நம் ஊர் ஈரக்காற்றில் முனைகள் சீக்கிரம் கெடும். பஸ்பாரை (இரண்டு செல்லின் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டை) வைப்பதற்குச் சற்று முன் பச்சைத் தேய்ப்பானால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். நேற்று தேய்த்து வைத்தது இன்றைக்கு உதவாது.

இறுக்கும் அளவு செல்லுடன் வந்த தாளில் இருக்கும். எம்6 துளையில் நான் 4 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதில்லை. மெல்லிய அலுமினியத்தில் மரை ஒருமுறை வழுக்கினால் அந்த செல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தளர்வாக விட்டாலோ அந்த இடம் சூடாகும்.

ஒரு பஸ்பார் போட்டதும் வோல்ட்டை அளந்து, அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றும் போட்டபின் மொத்தம் 13.4 அளவில் வர வேண்டும். 6.7 காட்டினால் ஒரு செல் தலைகீழாக இருக்கிறது.

8. பிஎம்எஸ்

சிறிய பிளக்கோடு ஐந்து மெல்லிய ஒயர்கள் வரும். பிளக் பலகையில் செருகாமல் இருக்கட்டும். கருப்பு ஒயர் முதல் செல்லின் நெகட்டிவில். அடுத்தவை முறையே முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் செல்லின் பாசிட்டிவில்.

இப்போது மல்டிமீட்டரின் கருப்பு முனையைப் பிளக்கின் கருப்பு ஒயரில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். 3.35, 6.7, 10.05, 13.4 என்று படிப்படியாக ஏற வேண்டும். வரிசை மாறியிருந்தால் செருகிய நொடியில் பலகை போய்விடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்து, பி மைனஸ் (B−) என்று குறித்த தடித்த ஒயரைப் பேட்டரியின் நெகட்டிவில் இறுக்குங்கள். அதன் பிறகே சிறு பிளக்கைச் செருக வேண்டும். முதலில் பிளக்கைச் செருகினால், தடித்த ஒயர் வழியாகப் போக வேண்டிய மின்சாரம் மெல்லிய கருப்பு ஒயர் வழியாக வழி தேடும். கழற்றும்போது நேர் எதிர் வரிசை: பிளக் முதலில், தடித்த ஒயர் பிறகு.

இன்னொரு தடித்த ஒயர் பி மைனஸுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், P− அல்லது C− என்று குறித்திருக்கும், வெளியே போகும் நெகட்டிவ் அது. விளக்கு, விசிறி, சார்ஜர் எல்லாவற்றின் நெகட்டிவும் அதில்தான் வர வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனை கைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதிலேயே மாட்டிவிடுகிறவர்கள் பலர். எல்லாம் எரியும், ஓடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் பிஎம்எஸ் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நண்பரின் பெட்டி பல மாதம் அப்படி ஓடி, ஒருநாள் செல்களை அடிமட்டம் வரை உறிஞ்சிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முனையில் பி மைனஸ் ஒயரையும் அளக்கும் கருப்பு ஒயரையும் தவிர வேறெதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அமைப்பில் செல்லுக்கு மேல் எல்லை 3.6, கீழ் எல்லை 2.8 வோல்ட், சார்ஜாகும்போது வெப்ப எல்லை 45 டிகிரி என்று வைத்திருக்கிறேன்.

9. ஃபியூஸும் ஒயரும்

மெயின் ஃபியூஸ் 40 ஆம்பியர். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே திருகி வைக்கும் எம்ஆர்பிஎஃப் வகை. ஏன் முனையிலேயே? ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயரை எந்த ஃபியூஸும் காப்பாற்றாது. அந்த நீளத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

காரில் போடும் பிளேடு ஃபியூஸ் மெயினுக்குப் போதாது. பெரிய குறுக்குச்சுற்றில் அது உருகினாலும் உள்ளே தீப்பொறி தொடர்ந்து பாயலாம். எம்ஆர்பிஎஃப் 14 வோல்ட்டில் 10,000 ஆம்பியர் வரை துண்டிக்கும்படி செய்யப்பட்டது. கிளைகளுக்குப் பிளேடு போதும், அங்கே மெயின் ஃபியூஸ் பின்னால் நிற்கிறது.

மெயினிலிருந்து சுவிட்ச் வழியாக ஃபியூஸ் பிளாக் வரை 10 சதுர மி.மீ. கிளைகளுக்கு 2.5. விசிறிக்கு 5 ஆம்பியர், ரவுட்டர் கிளைக்கு 5, லேப்டாப் சார்ஜருக்கு 10, பேட்டரி சார்ஜருக்கு 15. ஃபியூஸ் அளவு ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது மிக மோசமான பழக்கம்.

ரவுட்டர் கிளையில் 12 வோல்ட் நிலைப்படுத்தி கட்டாயம். சார்ஜாகும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா என்று அடாப்டரில் அச்சிட்ட படத்தைப் பார்த்து மாட்டுங்கள்.

லக்கை நசுக்கியபின் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்தால் இப்போதே வரட்டும். சுவிட்ச் டிசி வோல்ட் குறித்ததாக இருக்க வேண்டும்.

எல்லா ஒயரும் மாட்டி, மூடி, சுவிட்ச் அணைந்திருக்க, கடைசியாக மெயின் ஃபியூஸ். இந்த ஒரு பொருளை வேலை முடியும் வரை சட்டைப்பையில் வைத்திருங்கள். மேசையில் இருந்தால் கை தானாக அதை எடுக்கும்.

10. முதல் ஓட்டம்

ஒரே ஒரு விளக்கோடு தொடங்குங்கள். எரியவில்லை, வெளிமுனையில் வோல்ட்டும் இல்லை என்றால், பல பிஎம்எஸ் பலகைகள் முதல்முறை சார்ஜர் இணைத்தால்தான் விழிக்கும். சார்ஜரைப் போட்டுப் பாருங்கள்.

பிறகு எல்லாச் சுமையையும் ஏற்றி அரைமணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, இணைப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது தளர்வு அல்லது அழுக்கு. ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.

மீதி எவ்வளவு என்று வோல்ட்டைப் பார்த்துக் கணிக்காதீர்கள். பெரும்பகுதி நேரம் 13-ஐச் சுற்றியே நிற்கும். ஆம்பியர்-மணியை எண்ணும் மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

11. வைக்கும் இடம்

பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் உள்ள காப்பறை) வேண்டாம். எல்லாருக்கும் முதலில் தோன்றும் இடம் அதுதான். காற்றோட்டம் குறைவு, அட்டைப்பெட்டிகள் நிறைந்திருக்கும், உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. பொது நடைபாதையும் வேண்டாம். வாசல் கதவுக்கு அருகிலும் வேண்டாம், தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அது. சாமி மேடை விளக்குக்கு அருகிலும், துணி உலர்த்தும் ஈரமான இடத்திலும் வைக்காதீர்கள். வெயில் படாத, திரைச்சீலை இல்லாத, ஓடு போட்ட தரையின் மூலை நல்லது.

விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். வெறும் பேட்டரிக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஞாயிறு காலையில் போடுங்கள். 2018 ஜூனுக்கு முன் கட்டிய வீடென்றால் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வாய்ப்பில்லை. ஒன்று வாங்கி மேற்கூரையில் ஒட்டுங்கள்.

பெட்டியிலிருந்து புகை வந்தால் அணைக்க முயலாமல் எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு 995-ஐ அழையுங்கள். இரும்பு பாஸ்பேட் எளிதில் பற்றாது, ஆனால் பழுதானால் வெளிவிடும் வாயு எரியக்கூடியது. ஆயுள் முடிந்த செல்லைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள்.

மூடியின் மேல் ஒரு தாள் ஒட்டுங்கள். கட்டிய தேதி, ஃபியூஸ் அளவுகள், அணைக்கும் வரிசை: சார்ஜரைச் சுவரில் அணை, மெயின் சுவிட்சை அணை, வெளியே போ, 995. என் பெட்டியில் இது பெரிய எழுத்தில் தமிழில் இருக்கிறது. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் அம்மா. அவர் அதைப் படித்து, என் உதவியில்லாமல் இரண்டு முறை அணைத்துக் காட்டிய பிறகுதான் பெட்டியை வேலை மேசையிலிருந்து வரவேற்பறைக்குக் கொண்டு வந்தேன்.